மாடியில் பறவைக்கு உணவு வைப்பது: சரியா, தவறா?

மாடிவீட்டு மீனாட்சி:
எங்கள் குடியிருப்பு வேளச்சேரியில் இருக்கிறது. போன வாரம் சங்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ யாரும் பறவைகளுக்கு உணவு வைக்கக்கூடாது, மீறினால் அபராதம், அடுத்த மாதம் குழாய்கள் இறங்கும் எல்லா டக்ட்டுக்கும் புறா நுழையாதபடி வலை. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. காலையில் காக்கைக்கு ஒரு பிடி சோறு, மண்சட்டியில் தண்ணீர், ஓரமாகக் கொஞ்சம் கம்பு, அரிசி. நான் செய்வது அவ்வளவுதான். என் பேரன் பள்ளி வேனுக்குக் கிளம்பும் முன் அங்கே வந்து நிற்பான். எந்தக் காக்கைக்கு ஒரு கால் ஊனம், எது முதலில் வந்து கத்தி மற்றதைக் கூப்பிடும் என்று அவனுக்குத் தெரியும். நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு வேறு எந்த வழியாக உயிர்கள் அறிமுகமாகும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பெரம்பூர் ரகு:
அம்மா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நான் அந்த நோட்டீஸ் ஒட்டியவர்கள் பக்கம். என் தாயாருக்கு வறட்டு இருமல் வந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, பல மாதம் ஆஸ்துமா என்றே மருந்து சாப்பிட்டார். கடைசியில் பார்த்த நுரையீரல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டருகே புறா உண்டா என்பதுதான். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் இருக்கும் புரதத்துக்கு நுரையீரல் ஒவ்வாமை கொள்கிறது. எல்லோருக்கும் வராது. வந்து நாள்பட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும், அதைப் பழையபடி ஆக்க முடியாது. எங்கள் எதிர் வீட்டில் தினமும் ஒரு படி தானியம் போடுவார்கள், எங்கள் ஏசி பெட்டி மேல்தான் கூடு. 2025இல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தானியம் போடும் கபூதர்கானாவை மாநகராட்சி மூடியபோது பெரிய போராட்டமே நடந்தது. நான் மாநகராட்சியின் பக்கம்தான் நின்றேன்.

மாடிவீட்டு மீனாட்சி:
உங்கள் அம்மா நலமாக வேண்டும், ரகு தம்பி. ஆனால் நான் புறாவுக்காக வைக்கவில்லையே. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்திலிருந்து உண்டு. குருவி வரட்டும் என்றுதான் கம்பு போடுகிறேன்.

கூகை:
மீனாட்சி அம்மா, குருவிக்கென்று போடும் கம்பு ஏன் புறாவுக்கே போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தின் மையமே அதுதான்.

மாடப்புறா காட்டில் மலைமுகடுகளின் பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை. அதற்கு நம் அடுக்குமாடியின் சன்ஷேடும் ஏசி பெட்டியும் டக்ட்டும் பாறை இடுக்குதான். தவிர, புறா தன் குஞ்சுக்குக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சுரக்கும் ஒரு வகைப் பாலை ஊட்டுகிறது, தாயும் தந்தையும் இருவருமே. அதனால் பூச்சி ஒன்றுகூட இல்லாத இடத்திலும் வெறும் தானியத்தை வைத்து வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்க முடியும். சிட்டுக்குருவியால் அது முடியாது. வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் பிறந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். ஆக, தானியம் மட்டும் கூடி, பூச்சியும் பொந்தும் குறைந்த இடத்தில் யார் பெருகுவார்கள்? நீங்கள் யாரை நினைத்துப் போட்டாலும் கணக்கு புறா பக்கம்தான் சாயும்.

காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றை நான் இதில் சேர்க்கவில்லை. காக்கை பெருகுவது நம் குப்பைத் தொட்டியால். உங்கள் ஒரு பிடியால் ஒன்றும் மாறாது. சொல்லப்போனால் அந்தச் சோற்றில் கொஞ்சம் குயில் குஞ்சுக்கும் போகும். குயில் முட்டையிடுவது காக்கைக் கூட்டில்தானே. பங்குனி, சித்திரையில் விடியும் முன்பே கூவிக் கூவி நம்மை எழுப்பும் அந்தக் கருப்பு ஆண்குயிலை வளர்த்தது ஏதோ ஒரு காக்கை.

திருவான்மியூர் சங்கர்:
குருவி குறைந்ததற்கு செல்போன் டவர்தான் காரணம். அதை விட்டுவிட்டு கம்பையும் புறாவையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கூகை:
இல்லை சங்கர். 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் சரிவு. கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதில் இருக்கிறது. டவர் இன்று எல்லா ஊரிலும் நிற்கிறது, குருவியும் எத்தனையோ ஊரில் இருக்கிறது. ஓட்டு வீடும், உத்தரத்து இடுக்கும், முற்றத்து மண்ணும், வேலியோரச் செடியும் போன இடத்தில்தான் அது இல்லை. டவரைக் குற்றம் சொன்னால் நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லாமல் போய்விடுகிறது, அதனால்தான் அந்தக் கதை இவ்வளவு பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

ஓஎம்ஆர் மாதவன்:
நடைமுறையைப் பேசுவோம். பூச்சி வேண்டும், புதர் வேண்டும், பொந்து வேண்டும் என்கிறீர்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்தால் யார் பொறுப்பு? மீனாட்சி அம்மாவின் தண்ணீர்ச் சட்டியே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். நகரம் மனிதர்கள் நெருக்கமாக வாழக் கட்டியது. பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கல் இருக்கிறது, பள்ளிக்கரணை இருக்கிறது. வார இறுதியில் போய்ப் பார்க்கலாம். எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து இரவு மூடுகிறவனுக்கு மரத்தை அண்ணாந்து பார்க்க நேரம் கிடையாது. இதெல்லாம் ஓய்வு பெற்றவர்களுக்கு.

இரண்டு சக்கரம்:
மாதவன் சார், நான் உணவு டெலிவரி செய்கிறவன். எனக்கு ஓய்வு கிடையாது, ஆனால் காத்திருப்பு நிறைய உண்டு. ஓட்டல் வாசலில், உங்கள் கேட் வாசலில், வெயிலில் நிழல் தேடி ஏதாவது தூங்குமூஞ்சி மரத்தடியில். அங்கே நின்றுதான் எல்லாம் பார்த்தேன். மண்ணடி பக்கம் மளிகை மண்டிகளில் ஷட்டர் பெட்டிக்கு மேல் இருக்கும் இடைவெளியில் இன்னும் குருவி கூடு கட்டுகிறது. ஷட்டரைத் தூக்கும்போது பார்த்துத் தூக்குகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அடையாறில் ஒரு தெருவில் ராத்திரி ஆர்டர் கொடுக்கப் போனபோது கேபிள் வயர் மேலேயே நடந்து போனது ஒரு மரநாய். வாட்ச்மேன் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார், தினமும் இந்த நேரத்துக்கு மாமரத்துக்கு வரும் என்று.

எனக்கு அதன் பெயர்கூட அவர் சொல்லித்தான் தெரியும். நேரம் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லாதீர்கள் சார். நேரம் இல்லாதவனுக்கு நாளில் அந்த அரை நிமிடம்தான் சொந்தமாக இருக்கிறது.

ஓஎம்ஆர் மாதவன்:
உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் மரநாய் ஃபால்ஸ் சீலிங்குக்குள் குட்டி போட்ட வீட்டில் இருந்தவன் நான். அந்த வாடையும் இரவெல்லாம் சத்தமும் அனுபவித்தால்தான் தெரியும். தூரத்தில் நின்று ரசிப்பது எளிது. டெங்கு கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

மாடித்தோட்டம் வள்ளி:
டெங்குவுக்கு நான் பதில் சொல்கிறேன். ஏடிஸ் முட்டை சட்டியின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் அளவுக்கு ஆகும். ஆகவே தினமும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் வைத்தால் அங்கே கொசு வளராது. வெறுமனே மேலே மேலே ஊற்றுகிறவர்கள்தான் வளர்க்கிறார்கள். ஏடிஸ் அதிகம் பிறப்பது மூடாத டிரம்மிலும், பழைய டயரிலும், பூந்தொட்டித் தட்டிலும், கட்டட வேலை நடக்கும் இடத்திலும். எருக்கஞ்செடியில் இல்லை.

எருக்கைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனைக் காலிமனையில் நின்ற எருக்கை 'சுத்தம்' செய்துவிட்டார்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது. இலையின் பாலில் உள்ள நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அதனால் பறவைகள் அதைத் தொடாது. என் மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கிறது. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே தெரியும், பெரிதானால் பச்சை. பலரும் மருந்தடித்துக் கொல்வது இதைத்தான். மீனாட்சி அக்கா, பேரனுக்கு ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைக் கொடுத்துப் பாருங்கள். தீனி வைக்காமலே வருகிறவர்களை அவன் பார்க்கட்டும்.

மாடிவீட்டு மீனாட்சி:
வள்ளி, தொட்டி வைக்கலாம், அதற்கென்ன. ஆனால் தீனி வைப்பதை ஏதோ தாழ்ந்த காரியம் போலச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் பேரன் புழுவைப் பார்க்கக் குனிவான் என்றால், அது காக்கையைப் பார்த்துப் பழகிய கண். முதலில் ஒரு உறவு வேண்டும், அப்புறம்தான் கவனிப்பு. பெயரும் இனமும் தெரிந்த பிறகே நேசிக்க வேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும்.

கூகை:
அம்மா, நீங்கள் உறவு என்று சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஒப்ப முடியவில்லை. தீனி வைத்தால் நம்மிடம் வரக்கூடியவை மட்டுமே வருகின்றன. வராதவை தெருவில் அதிகம். ஐப்பசி வாக்கில் உங்கள் வளாகத்துச் செடிக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று யாரோ நாக்கைச் சொடுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். அது நாணல் கதிர்க்குருவி, இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து வெயில் ஏறும்வரை நம் ஊரில் தங்கும் சின்னப் பறவை. உங்கள் அரிசி அதற்கு வேண்டாம், பூச்சி போதும். அதே சமயத்தில்தான் வடக்கே இருந்து ஆறுமணிக்குருவி வரும், இரவில் பறந்து, விளக்கொளியில் தடுமாறி, கண்ணாடியில் மோதிக் கீழே கிடக்கும். புறா என்று நினைத்து யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படி ஒன்று கிடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்தால் மாலையில் விட்டுவிடலாம், தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல். வீட்டு மாடியிலிருந்தே 15 நிமிடம் எண்ணி இணையத்தில் பதியலாம். காக்கையும் அதில் கணக்குத்தான். பேரனோடு செய்யுங்கள்.

பெரம்பூர் ரகு:
எண்ணுவதிலோ தொட்டி வைப்பதிலோ எனக்கு ஆட்சேபணை இல்லை. தானியம் கூடாது, டக்ட்டுக்கு வலை வேண்டும். இந்த இரண்டிலும் நான் இறங்கி வர மாட்டேன். அம்மா இப்போதும் ஆக்சிஜன் வைத்துத் தூங்குகிறார்.

கூகை:
ரகு, வலை வேண்டும்தான். ஆனால் மாட்டும் முன் உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், தொய்ந்த வலையில் கால் சிக்கிச் செத்துத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். புறா நுழையும் இடத்தை மட்டும் அடைத்தால் போதும். மீட்டர் பெட்டிக்கு மேலும் படிக்கட்டுச் சுவரிலும் இருக்கும் சின்ன ஓட்டைகளைச் சிமெண்ட் பூசி மூட வேண்டாம். அவற்றில் புறா நுழையாது, குருவிக்குப் போதும்.

மாடிவீட்டு மீனாட்சி:
ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். தானியத்தை நிறுத்திக்கொள்கிறேன், ரகு தம்பியின் அம்மாவுக்காக. காக்கைச் சோற்றுக்கும் தண்ணீர்ச் சட்டிக்கும் அபராதம் போடக்கூடாது என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன், ஓட்டைகளை மூட வேண்டாம் என்பதையும் சேர்த்து. மாதவன், நீங்கள் இன்னும் மறுப்பீர்கள் என்று தெரியும்.

ஓஎம்ஆர் மாதவன்:
சோற்றுக்கு மறுப்பேன், மீந்தால் எலி வரும். காக்கை தின்று முடித்ததும் இடத்தைக் கழுவிவிடுவதாக அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். எங்கள் சங்கத்தில் இப்படி எழுதித் தந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.