புதுப்பிப்பு: கார் கதவில் ஆழமான கீறல், டச்சப் பெயிண்ட்டே போதுமானதாக இருந்தது

பின்கதவில் பைக் ஹேண்டில் இழுத்துவிட்ட கீறலுக்கு கதவு முழுக்க பெயிண்ட் அடிக்கணுமா, வீட்டிலேயே முடியுமா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீட்டிலேயே முடிந்தது.

முதலில் ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்ட்டின் மேல்பரப்பைத் தேய்த்து மெருகேற்றும் பசை). ஓரத்து மெல்லிய கோடுகள் போயின, நடுக்கீறல் அசையவில்லை. "தடவிப் பார்க்கும்போது கீறலில் நகம் மாட்டினால் காம்பவுண்ட் வேலைக்காகாது, நிரப்பத்தான் வேணும்" என்றவர் சொன்னதுதான் சரி.

கீறலுக்குள் தகரம் தெரிந்தது, ஓரிடத்தில் பழுப்பாகத் துரு. அதை எமரி பேப்பரில் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடிப்பூச்சு) வைத்தேன். பிறகு வண்டியின் நிறக் குறியீட்டுக்கேற்ற டச்சப் பெயிண்ட் (கீறலில் மட்டும் தொட்டு வைக்கும் பெயிண்ட்). பாட்டிலோடு வரும் பிரஷ் ரொம்பத் தடிமன், பல்குத்திதான் கைகொடுத்தது. மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் அடுத்தது என்று சுற்றியுள்ள பெயிண்ட்டை விட ஒரு மயிரிழை மேடாகும்வரை. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு). நன்றாக இறுகவிட்டு 2000 கிரிட் (மிக நைசான) வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு மட்டமாக்கி, மறுபடி காம்பவுண்ட்.

எதிர்பாராதது: என்னுடையது மெட்டாலிக் சில்வர். நேராகப் பார்த்தால் தெரியவில்லை, சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் கருத்த கோடு. மெட்டாலிக் பெயிண்ட்டில் இருக்கும் அலுமினியத் துகள்கள், ஸ்பிரே கன்னில் அடிக்கும்போது படிகிற மாதிரி குச்சியில் தொட்டு வைத்தால் படியாதாம். வெறும் வெள்ளை வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டு வருஷ வண்டிக்கு இது போதும், கதவு முழுக்க அடிக்கப்போவதில்லை.