வளைவோட்ட டயர், மென்னோட்ட டயர்

> தமிழில், வளைவில் சட்டென்று திரும்பும் ஸ்போர்ட் டயருக்குப் ‘பிடிப்பு டயர்’, அலுங்காமல் ஓடும் கம்ஃபர்ட் டயருக்கு ‘மென்டயர்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா? ‘விளையாட்டு டயர்’ ஒட்டவே இல்லை.

விளையாட்டைத் தள்ளியது சரி. இந்த இரண்டும் வேண்டாம் என்பேன். ‘பிடிப்பு டயர்’ என்றால் மற்றதற்குப் பிடிப்பே கிடையாது என்றாகிவிடும், அது உண்மையில்லை.

‘மென்டயர்’ இன்னும் சிக்கல். ஸ்போர்ட் டயரில் தரையைத் தொடும் ரப்பர்தான் பெரும்பாலும் மென்மை. அதனால்தான் சீக்கிரம் தேய்கிறது. விறைப்பாக இருப்பது அதன் பக்கச்சுவர். கம்ஃபர்ட் டயரில் சுவர் வளைந்து கொடுக்கும். தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளான பட்டன்களையும் சிறிதும் பெரிதுமாக மாற்றி மாற்றி வெட்டியிருப்பார்கள். ஒரே சுருதியில் இரைச்சல் எழாது. ‘மென்டயர்’ என்றால் கடைக்காரர் ரப்பரை நினைப்பார், ஓட்டுபவர் சவாரியை நினைப்பார்.

ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் முறுகுவது பக்கச்சுவர். அதற்குப் பிறகே வண்டி முழுதாகத் திரும்பும். விறைத்த சுவரில் அந்தத் தாமதம் குறைவு. அந்த டயரின் வேலையே அதுதான், ஆகவே ‘வளைவோட்ட டயர்’. மற்றது ‘மென்னோட்ட டயர்’: மென்மை ஓட்டத்துக்கு, ரப்பருக்கு அல்ல.

> சுவர் உயரம் குறைந்தாலே ஸ்போர்ட் டயர்தானே? ‘குட்டைச்சுவர் டயர்’ போதாதா?

உயரம் வேறு, வகை வேறு, அண்ணா. 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., ரிம் விட்டம் 15 அங்குலம்; சுவர் உயரம் 185-இல் 65 விழுக்காடு, ஏறக்குறைய 120 மி.மீ. 195/55 ஆர்16-இல் 107 மி.மீ. மொத்த விட்டம் இரண்டுக்கும் 621 மி.மீ. சுமார், ஸ்பீடோமீட்டர் பிசகாது. ஒரே அளவிலேயே இரு வகையும் கிடைக்கும்.

குட்டைச்சுவர் தனிச் சொல்லாக இருக்கட்டும், அதன் கோளாறும் தனி. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சுவர் நசுங்கி உள்நூல் அறுந்தால், வெளியே முட்டை மாதிரிப் புடைக்கும். ஒட்டுப்போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும்.

> மென்னோட்ட டயரில் காற்றைக் கூட்டினால் மலைக்கு வளைவோட்ட டயர் ஆகிவிடுமே?

ஆகாது. இதைச் சொல்லின் விளக்கக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றிருந்தால் டயர் குளிர்ந்திருக்கும்போது 33தான். 40 ஏற்றினால் நடுப்பகுதியே அதிகமாகத் தரையில் அழுந்தி நடுவில் தேயும்; பிடிப்பும் குறையும். குறைத்தால் இரண்டு ஓரமும் தேய்ந்து, சுவர் சூடேறும். மலை இறங்கி அடிவாரத்தில் நிறுத்தியதும் அளந்தால் சூட்டில் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

பட்டனுக்குப் புதுச் சொல் தேட வேண்டாம். ‘பட்டன் தேஞ்சு மொட்டையாயிடுச்சு’ என்று பஞ்சர் கடையில் சொல்வது எல்லாருக்கும் புரிகிறது. டயர் தேய்ந்துவிட்டதைக் காட்ட, பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேட்டுக்குத்தான் பெயரில்லை. ‘தேய்வுக்குறி’ எப்படி?