பிராங்க்ளின் தன் நூலில் நண்பர்களின் கடிதங்களைச் சேர்த்தது ஏன்?

கேள்வி: அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாற்றில், இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் நண்பர்கள் இருவரின் கடிதங்கள் முழுமையாக இடம்பெற்றுள்ளன. தம்மைப் புகழும் கடிதங்களை அவரே சேர்த்தது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. காரணம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: 1771-இல் இங்கிலாந்தில் மகனுக்கு எழுதுவதாகத் தொடங்கிய அந்நூல் 1730-ஆம் ஆண்டு நிகழ்வுகளோடு நின்றுபோயிற்று, பிறகு அமெரிக்கப் புரட்சி வந்தது, மகன் மன்னர் பக்கம் நின்றதால் உறவும் முறிந்தது. பிலடெல்பியாவில் தங்கிவிட்ட கையெழுத்துத் தாள்கள் ஏபெல் ஜேம்ஸ் என்ற குவேக்கர் (கிறித்தவச் சமயப் பிரிவு ஒன்றைச் சேர்ந்த) வணிகரிடம் வந்து சேர்ந்தன; அவர் பாரிசிலிருந்த பிராங்க்ளினுக்கு எழுதி, தொடருமாறு வேண்டினார். ஆகவே அக்கடிதங்கள் வெறும் புகழ்ச்சியல்ல; மகனுக்காக எழுதியவர் ஏன் பொதுமக்களுக்காக எழுதலானார் என்பதற்கான விளக்கம் என்றே கருதுகிறேன்.

மறுமொழி: மற்றொரு நண்பரான பெஞ்சமின் வாகனின் கடிதமே எனக்கு அதிகம் பிடித்தது, ஐயா. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான அமைதிப் பேச்சுவார்த்தையில் பிரிட்டிஷ் தரப்புக்காக உழைத்த அவர், பிராங்க்ளினின் வாழ்க்கை நிகழ்ச்சிகளின் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, 1783 ஜனவரி 31 அன்று, "நீங்கள் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார், அது தீங்காகவும் முடியலாம்" என்ற பொருளில் உரிமையோடு எச்சரித்தார். மறு ஆண்டே பிராங்க்ளின் பாரிசை அடுத்த பாசி (Passy) என்ற ஊரில் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. மகனுடன் ஏற்பட்ட முறிவை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்பகுதியை மீண்டும் படிக்கிறேன்.