ட்வைனருக்குத் தமிழ்: பின்னுகொடியா, சுற்றுகொடியா?

குழுவினருக்கு வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக வீட்டுத்தோட்டக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தண்டாலேயே சுற்றி ஏறும் கொடியைக் குறிக்கும் 'ட்வைனர்' (twiner) என்ற ஆங்கிலச் சொல்லில் வந்து நிற்கிறேன்.

பாகலும் பட்டாணியும் பற்றுக்கம்பியால், அதாவது சுருண்டு பிடிக்கும் மெல்லிய இழையால், பிடித்து ஏறுகின்றன. பீன்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே கம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். இரண்டையும் வெறுமனே 'கொடி' என்று சொல்லிக்கொடுத்ததன் பலனைப் போன வருடம் பார்த்தேன். பாகலுக்குப் போலவே பீன்ஸுக்கும் பிள்ளைகள் குறுக்குக் கயிறு மட்டும் கட்டினார்கள். நுனிகள் பிடிமானம் இல்லாமல் சரிந்து மண்ணில் கிடந்தன. நெட்டுக்குத்தாக ஒரு கம்பு நட்டிருந்தால் ஆறேழு அடி தானாக ஏறியிருக்கும். 'பின்னுகொடி' என்று போடலாமா?

— செ.

•

செ. அவர்களுக்கு,

பின்னுவதற்கு இரண்டு மூன்று புரி வேண்டும். சடையும் கூடையும் பின்னல். ஒற்றைத் தண்டு ஒரு கம்பைத் தழுவி ஏறுவது பின்னல் ஆகாது.

'வள்' என்ற வேரைப் பாருங்கள். வளை, வளையல், வளாகம், வள்ளி எல்லாம் அதில் கிளைத்தவை என்பது என் துணிபு. வள்ளி என்றாலே கொடிதான். 'சுற்றுவள்ளி' என்று வையுங்கள். நம்மவர்களுக்கு இந்தச் செடியின் குணம் புதிதும் அல்ல. 'சிறுதினை மறுகால் கொழுங்கொடி அவரை பூக்கும்' என்கிறது குறுந்தொகை 82. தினையை அரிந்தபின் நிற்கும் தாளிலேயே அவரையை ஏற்றியிருக்கிறார்கள். தனியாகக் கம்பு தேட வேண்டியிருக்கவில்லை. ஐங்குறுநூறு அந்தத் தாளை 'இருவி' என்கிறது. கொழுகொம்புக்கு அந்தச் சொல்லையே மீட்கலாம்.

— பொ.

•

ஐயா, இருவி அழகான சொல். ஆனால் கையேடு ஆறாம் வகுப்புக்கு. வள்ளி என்றால் பிள்ளைகளுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்குதான் நினைவுக்கு வரும். படித்தவுடன் கை என்ன செய்யவேண்டும் என்று தெரிகிற சொல் வேண்டும்.

பீன்ஸ் நுனி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். உதவி செய்கிறேன் என்று மாற்றிச் சுற்றிவிட்டால் அவிழ்ந்துபோகும். இதையும் சேர்த்து 'இடஞ்சுழிக்கொடி' எனலாமே?

— ம.

•

ம. அவர்களுக்கு: கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அதே கொடி வலஞ்சுழியாகத் தெரியும். திசையைப் பெயரில் வைக்காதீர்கள், படத்தில் அம்புக்குறியாகப் போடுங்கள். டார்வின் 1865-இல் ஏறுகொடிகளை வகைப்படுத்தியபோதும் முதலில் எடுத்துக்கொண்டது சுற்றி ஏறுபவற்றைத்தான். அந்த வகைக்கு 'சுற்றுக்கொடி' போதும். எங்கள் பக்கம் சொல்லும் 'சுத்துக்கொடி'யின் எழுத்து வடிவம்தான் அது.

— கு.

•

சுற்றுக்கொடியில் 'க்' எப்படி வந்தது? சுற்றிய, சுற்றுகின்ற, சுற்றும் கொடி, வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, ஏறுகொடிபோல வலி மிகாது. சுற்றுகொடி என்பதே சரி.

— பொ.

•

அப்படியானால் பற்றுக்கம்பியில் மட்டும் ஏன் மிகுந்தது? பற்று அங்கே பெயர் என்றால் சுற்றும் இங்கே பெயர்தான். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் மிகத்தான் செய்யும். இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வருகின்றன. ஒன்றுக்கு 'க்' வைத்து இன்னொன்றுக்கு எடுத்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வாள்?

— கு.

•

எல்லாருக்கும் நன்றி. மூவர் 'சுற்று' பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், தனிமடலில் எழுதிய ஒருவரையும் சேர்த்து. 'சுற்றுகொடி' என்று அனுப்புகிறேன். சுற்றுச்சுவர்போல வளைத்து நிற்பதல்ல, கொடியே சுற்றுகிறது என்பது அதில்தான் தெளிவாக இருக்கிறது. கீழே ஒரு வரி: 'கம்பை நேராக நடு, குறுக்குக் கயிறு வேண்டாம்.' குறுந்தொகை அடியைப் பின்னட்டையில் சேர்க்க இடம் கேட்டிருக்கிறேன்.

— செ.

•

அனுப்புங்கள். அடுத்த பதிப்புக்கு முன் 'பற்றுக்கம்பி'யைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அதில் 'க்' இருக்கும்வரை இதில் இல்லாததை என்னால் ஏற்க முடியாது.

— கு.