மூடி போட்ட வாளி

கூடாரம் போட்ட கடற்கரையிலேயே மட்டி (இரட்டை ஓட்டுச் சிப்பி) பொறுக்கி, அங்கேயே வேகவைத்துத் தின்ற கதையைச் சொல்கிறேன். முதல் நாள் ஒன்றுகூடத் தின்னவில்லை, அதற்குக் காரணம் நான்தான்.

நான்கு பேர் போயிருந்தோம், 2 இரவுத் தங்கல். பௌர்ணமிக்கு மறுநாளாகப் பார்த்துத்தான் கிளம்பினோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக உள்வாங்கும். மற்ற நாட்களில் தண்ணீருக்குள் கிடக்கும் திட்டெல்லாம் வெளியே தெரியும். அந்தப் பகுதியில் மட்டி எடுக்கத் தடை ஏதும் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொண்டோம். இதில் மட்டும் சோம்பல் படக் கூடாது. மட்டி கடல்நீரை வடிகட்டி இரை தேடும் பிராணி. நீரில் நச்சுப் பாசி பெருகினால் நஞ்சு அதன் சதையில் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. உதடு மரத்துப்போவதில் ஆரம்பித்து மூச்சு நிற்பது வரை கொண்டுபோய்விடும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது.

ஈர மணலில் சாவித் துவாரம் மாதிரி சின்னக் குழிகள். பக்கத்தில் காலை ஊன்றினால் சர்ரென்று ஒரு நீர்க்கோடு பீய்ச்சும். அங்கே நாலு விரல் ஆழம் தோண்டினால் கையில் தட்டுப்படும். கடல் திரும்ப ஏறத் தொடங்குவதற்குள் அரை வாளி சேர்ந்துவிட்டது.

மணலைக் கக்கட்டும் என்று நல்ல தண்ணீரை ஊற்றினேன். நாய் கவிழ்த்துவிடுமோ என்று மூடியும் போட்டேன். காலையில் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. நல்ல தண்ணீர் அதற்கு ஆகாது, மூடினால் மூச்சும் முட்டும். ஒரே ராத்திரியில் இரண்டு விதமாகக் கொன்றிருக்கிறேன்!

சரி, மறுபடியும் போய்ப் பொறுக்கினோம். இந்த முறை அகலமான தட்டில் கடல்நீர், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நிழலில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஓட்டிடுக்கிலிருந்து இரட்டைக் குழாய்கள் மெல்ல நீண்டன. ஒன்று துப்பிய தண்ணீர் என் கண்ணாடியில் பட்டது. நண்பர்களில் ஒருவன் அதை வேடிக்கை பார்த்தே மதியத்தைக் கழித்தான்.

வேகவைக்குமுன் திறந்திருந்தவற்றை விரலால் தட்டிப் பார்த்தோம். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது; மூடாததை எறிந்தோம். சட்டியில் ஒரு குவளைத் தண்ணீர், மேலே மூடி (இங்கே மூடி போடலாம்). ஓடு திறந்ததும் இறக்காமல் இன்னும் 5 நிமிடம் கொதிக்க விட்டோம். கடைசிவரை திறக்காத இரண்டும் வெளியே போயின. உப்புகூடப் போடவில்லை, கடல் ஏற்கெனவே போட்டிருந்தது.

சதையைவிட அடியில் நின்ற சாறுதான் ருசி. மணல் கலங்காமல் மெதுவாகச் சாய்த்து மூன்று பேர் குடித்தார்கள். என் முறை வந்தபோது சட்டியில் மிச்சம் இருந்தது ஒரு வாய்ச் சாறும் ஒரு பிடி மணலும். வாளிக்கு மூடி போட்டவனுக்கு இது போதும் என்றார்கள்.