பி.காம் மூன்றாம் வருட ஃபீஸ் கட்டுவதா, நைட்டி யூனிட்டை எடுப்பதா?

கொருக்குப்பேட்டை பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 20 வயது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. பி.காம் இரண்டு வருடம் முடித்துவிட்டேன், மதிய ஷிப்ட். ஒன்றரை மணிக்கு வகுப்பு ஆரம்பித்தால் விட ஆறாகும். கார்ப்பரேட் அக்கவுண்டிங்கிலும் ஸ்டாடிஸ்டிக்ஸிலும் அரியர் இருக்கிறது. மூன்றாம் வருட ஃபீஸ் 18,000 ரூபாய், இந்த மாதம் கட்ட வேண்டும்.

அப்பா கிடங்கில் லோடுமேனாக இருந்தார். இடுப்பு போனபிறகு இரவு வாட்ச்மேன் வேலை. அம்மா 14 வருடமாக ரெண்டு தெரு தள்ளி ஒரு யூனிட்டில் நைட்டி தைக்கிறார். எல்லாம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைக்குப் போகிற சரக்கு. ஒரு நாளைக்கு 25 பீஸ், பீஸுக்கு 22 ரூபாய். நானும் ஏழாவது படிக்கும்போதிருந்து அங்கேதான் கிடப்பேன். பிசிறு வெட்டுவது, மடித்துக் கவர் போடுவது, இப்போது மூன்று வருடமாக ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின்) ஓட்டுவது. காலேஜ் லீவு என்றால் நாள் முழுக்க அங்கேதான்.

அந்த யூனிட் ஓனர் அண்ணாச்சி ஊருக்கே திரும்பிப் போகிறார். ஐந்து பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், அயர்ன் பாக்ஸ், மேஜை எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய்க்கு எனக்கே தருகிறேன் என்கிறார். இடமும் அதேதான், வாடகை 9,000. சரக்கு கொடுக்கும் கடைக்காரரிடமும் பேசிவிட்டார், வாரம் 600 பீஸ் கொடுப்பார்களாம். துணியைக் கடையே வெட்டிக் கொடுத்துவிடும். நாம் தைத்து, அயர்ன் பண்ணி, கவர் போட்டுக் கொடுத்தால் பீஸுக்கு 38 ரூபாய்.

நான் நோட்டில் போட்ட கணக்கு: வாரம் வரவு 22,800. அம்மாவையும் சேர்த்து நான்கு டெய்லர் கூலி 13,200. கைவேலைக்கு ஒரு ஆள் 2,100. நூல், ஜிப் 1,200. வாரத்துக்கு 6,300 நிற்கும், மாதத்துக்கு 25,200. வாடகையும் கரண்டும் 11,500 போனால் கையில் 13,700. அம்மாவின் மாதக் கூலி 13,200 தனி. வீட்டுக்கு மாதம் 27,000 வருவதை நாங்கள் பார்த்ததே இல்லை.

அண்ணாச்சி ஆடி பிறப்பதற்குள் முடிவு கேட்கிறார். ஆடியில் புதிதாக எதுவும் ஆரம்பிக்க அம்மாவும் விடமாட்டார். ஆக ஜூலை 16 வரைதான் நேரம். சீட்டு எடுத்தால் 80,000 கிடைக்கும், மீதிக்கு அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டும்.

காலேஜையும் இதையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். செவ்வாயும் சனியும் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கடையில் மதியம்தான் சரக்கு பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் இதே பி.காம் முடித்துவிட்டு டெலிவரி வண்டி ஓட்டுகிறார். அதைப் பார்க்கும்போது இந்தப் பட்டம் எனக்கு என்ன தரப்போகிறது என்று தோன்றுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "உன்னையும் மெஷின்ல உட்கார வைக்கவா நான் 14 வருஷம் உட்கார்ந்தேன்" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாளாகப் பேசவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல் ஆள். அதனால் யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாவாடை யூனிட்:

தம்பி, நான் இதே தொழில். உள்பாவாடை தைத்து எம்.சி. ரோட்டுக்குக் கொடுக்கிறேன், 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. 2008இல் மூன்றாம் வருடம் பாதியில் படிப்பை விட்டவன். அதனால் உன் கணக்கை இரண்டு தடவை படித்தேன். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டது இரண்டு இருக்கிறது.

முதலில், ஓவர்லாக் யார் ஓட்டுவது? நீ. உன் கூலி எங்கே? வெளி ஆளை வைத்தால் இன்றைக்கு நாளுக்கு 600 கேட்பான். வாரம் 3,600, மாதம் 14,400. உன் 13,700 அதிலேயே போய்விடும், மேலே 700 ரூபாய் கையை விட்டுப் போகும். ஆக அந்த 13,700 லாபம் இல்லை தம்பி, உன் கூலி. அதுவும் மார்க்கெட் கூலியைவிடக் கம்மி. 1,20,000 கொடுத்து ஒரு ஓவர்லாக் வேலையை வாங்கப் பார்க்கிறாய். கோபப்படாதே, நானும் இதே மாதிரிதான் வாங்கினேன். தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

இரண்டாவது, கடைக்காரர் எப்போது காசு தருவார்? நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. டெய்லருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தே ஆகணும், இல்லையென்றால் திங்கள்கிழமை பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார்கள். கடையில் 45 நாள் கழித்துத்தான் பில் செட்டில் ஆகும் என்று வைத்துக்கொள். வாரம் 16,500 வீதம் ஆறு வாரத்துக்கு 99,000. ஒன்றரை மாத வாடகை, கரண்ட் 17,250. மொத்தம் 1,16,250 உன் கையில் இருந்து சுற்றணும். மெஷின் விலைக்குச் சமமாக இன்னொரு தொகை. சீட்டையும் வளையலையும் மெஷினுக்கே கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவாய்? கந்துவட்டிக்குத்தான். நம் பக்கம் மூடிய யூனிட்டுகளில் பாதி, வேலை இல்லாமல் மூடியதில்லை, இந்த இடைவெளியில் மூடியதுதான்.

எனக்கு ஒரு கடையில் 2011 தீபாவளிக்குக் கொடுத்த சரக்குக்கு மாசி மாதம்தான் காசு வந்தது. அந்த நாலு மாதம் என் பெண்டாட்டி தாலிச்சரடைத் தவிர எல்லாம் அடகில் இருந்தது. சின்னத் தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும் என்று 2006ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. உத்யம் பதிவு, அதாவது சின்னத் தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு, இருந்தால் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலை கொடுக்கிற ஒரே கடை மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் யாரிடம் துணி வாங்குவாய்? அதனால் ஒரே கடையை நம்பி இறங்காதே. இரண்டாவது கடை ஒன்று, வாரம் 100 பீஸ் கொடுத்தாலும் போதும், கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, யூனிட் தரைத்தளமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் என் யூனிட்டுக்குள் இரண்டு அடி நின்றது. மோட்டார் எல்லாம் போச்சு. மெஷினை உயரத்தில் வைக்க வழி இருக்கிறதா என்று பார்.

படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். டெய்லரிங் தொழிலில் யாரும் என்னிடம் பட்டம் கேட்டதில்லை. ஆனால் கூலிக்குத் தைக்கிறவரை அந்த 38 ரூபாயைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். சொந்தமாகத் துணி எடுத்து, சொந்தமாக விலை போட்டு விற்றால்தான் மேலே வரலாம். ஈரோட்டுக்கும் குஜராத் ஜேட்பூருக்கும் ஆர்டர் போடுவது, ஜி.எஸ்.டி., ஒரு பீஸுக்கு அடக்க விலை என்ன என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் அதற்கு வேண்டும். நீ விடப்போகிற மூன்றாம் வருடத்தில்தான் காஸ்ட் அக்கவுண்டிங்கும் இன்கம் டாக்ஸும் வருகிறது. நான் எதை விட்டேனோ அதைத்தான் இப்போது ஆடிட்டருக்குக் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராயபுரம் பாலாஜி:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். நம்ம ராயபுரத்தில் 1970இல் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதல் போட்டு ஐஸ் மிட்டாய் செய்ய ஆரம்பித்தார். கையில் பட்டம் இல்லை. அதுதான் அருண் ஐஸ்கிரீம், ஹட்சன் என்று இன்றைக்கு வளர்ந்து நிற்கிறது. வாய்ப்பு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது தம்பி. ஓனரே கடைக்காரரிடம் பேசிக் கொடுக்கிறார், இப்படி எல்லோருக்கும் அமையாது. 20 வயதில் விழுந்தால் எழுந்துவிடலாம்.

தண்டையார்பேட்டை அக்கா:

பாலாஜி சொல்வது உண்மைதான். ஆனால் அவர் தன் சரக்கைத் தானே செய்து தானே விற்றார். தம்பிக்கு வந்திருப்பது அடுத்தவர் சரக்கைத் தைத்துக் கொடுக்கிற வேலை. இரண்டும் ஒன்றில்லை.

தம்பி, நான் கல்யாணத்துக்காக இரண்டாம் வருடத்தோடு நிறுத்தியவள். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கரஸில் (தபால் வழியில்) முதலிலிருந்து சேர்ந்து முடித்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன், முடிக்க ஐந்து வருடம் ஆனது. "அப்புறம் முடிச்சுக்கலாம்" என்று நினைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் முடிப்பதில்லை. உனக்கு இன்னும் இரண்டு செமஸ்டர்தான்.

நேரத்தைப் பார். வாரம் 600 என்றால் நாளுக்கு 100 பீஸ் ஓவர்லாக். காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குள் முடியாதா? மூன்று வருடம் ஓட்டியவனுக்கு முடியும். மெட்ரோவோ பஸ்ஸோ பிடித்து ஒன்றரைக்குக் காலேஜ். 75 சதவீத வருகை மட்டும் குறையாமல் பார்த்துக்கொள். செவ்வாய், சனி சரக்கை அப்பா கொண்டுபோகலாமே? மூட்டையை ஆட்டோக்காரர் ஏற்றி இறக்கட்டும், அப்பா பீஸை எண்ணிக் கொடுத்துப் பில்லை வாங்கினால் போதும். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதுதானே? படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

கடன் என்றால் இதைத் தெரிந்துகொள். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசு மானியக் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான், ஓடிக்கொண்டிருக்கிற யூனிட்டை வாங்குவதற்குத் தரமாட்டார்கள். முத்ரா என்ற சின்னத் தொழில் கடனில் சிசு பிரிவில் 50,000 வரை பேங்கில் கேட்கலாம், அந்தச் சுழற்சிப் பணத்துக்கு உதவும். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் இல்லை, ஆதாரும் பான் கார்டும் போதும். ஏஜெண்ட் யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதே.

முக்கியமாக, பதிவை உன் பெயரில் ஏன் போடணும்? 14 வருடம் தைத்தவர் அம்மா. டெய்லர்களை எப்படிப் பிடித்து வைப்பது, எந்த டெய்லர் எப்போது லீவு போடுவார் என்று அவருக்குத்தான் தெரியும். அவரை ஓனராக்கு. நீ கணக்கும் ஓவர்லாக்கும் பார். இதைச் சொன்னால் பேசுவார் பார்.

கொருக்குப்பேட்டை பையன்:

ஒரு வாரம் பதில் போடாததற்கு மன்னிக்கவும்.

பாவாடை யூனிட் அண்ணன் சொன்னபடி அண்ணாச்சியிடம் பழைய பில் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தேன். சாதாரண மாதத்தில் 30 முதல் 40 நாளுக்குள் பணம் வந்திருக்கிறது. தீபாவளிச் சரக்குக்குப் பொங்கலுக்கு முந்தின வாரம். வாரம் 600 என்பதும் எப்போதும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் 250, 300தான் போயிருக்கிறது. எனக்கு உண்மையிலேயே கை நடுங்கிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் மே லீவும் தீபாவளி நேரமும் மட்டும்தான், அப்போதுதானே நான் முழுநாளும் அங்கே இருப்பேன்.

அதையே வைத்து அண்ணாச்சியிடம் பேசினோம். அம்மாதான் பேசினார். 40,000 இப்போது, மீதி 70,000 தை மாதத்துக்குள். 10,000 குறைத்துக்கொண்டார். வளையல் வீட்டிலேயே இருக்கிறது. சீட்டில் மிச்சம் இருக்கும் 40,000ஐ கூலிக்கு மட்டும் என்று தனியாக வைத்திருக்கிறோம், அது போதாது என்று தெரிகிறது. முத்ராவுக்கு அம்மா பெயரில் மனு கொடுக்கப்போகிறோம்.

அக்கா, அம்மா பேசினார். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பாலாஜி அண்ணனுக்கும் நன்றி, அப்பாவுக்கு உங்கள் பதில்தான் பிடித்தது.

ஃபீஸ் நேற்றுக் கட்டிவிட்டேன். அப்பா தன் சம்பளத்தில் 8,000 எடுத்துக் கொடுத்தார், மீதி என் லீவுக் கூலி.

இப்போது ஒரு சந்தேகம். ஐந்து மெஷினில் மூன்றில் பழைய கிளட்ச் மோட்டார், இரண்டில் தைக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டார். கிளட்ச் மோட்டார் சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் அதிகம் இழுக்கும் என்று அம்மாவும் சொல்கிறார். இருக்கிற பணத்தில் மூன்றையும் இப்போதே மாற்றுவதா, தீபாவளி வரை இப்படியே ஓட்டுவதா? அப்புறம் கரண்ட் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அது வீட்டு இணைப்பா, கடை இணைப்பா என்று பில்லில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? திங்கள்கிழமை கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது சொன்னால் நல்லது.