திணறுற நோடுக்கே புது பாட் போகுது, வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பாண்டில லாஸ்பேட்டை பக்கம் ஒரு சின்ன கம்பெனில குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (பல சர்வர்ல ஆப்ஸ பிரிச்சு ஓட்டுற செட்டப்) பாத்துக்கறேன், அதுல ஒரு நோடு, அதாவது ஒரு சர்வர், சிபியு முட்டிக்கிட்டு நிக்குது, பக்கத்து நோடு சும்மா கெடக்குது, ஆனாலும் புது பாட் (அதுலதான் ஆப் ஓடும்) எல்லாம் முட்டுற நோடுக்கே போகுது. எந்த பாட் எந்த நோடுக்குன்னு முடிவு பண்ற ஷெட்யூலர் நெஜமா எவ்ளோ ஓடுதுன்னு பாக்காது, பாட்ல இவ்ளோ வேணும்னு எழுதுன ரெக்வெஸ்ட்டதான் கூட்டும், அது தெரியும். 8 கோர் நோடுல 2 கோர் ரெக்வெஸ்ட்னா மீதி 6, சிபியுக்கு 75 மார்க், 6 கோர் கேட்டிருந்தா வெறும் 25, மெமரிக்கும் இப்படியே போட்டு சராசரி எடுக்குது, மார்க் அதிகமான நோடுக்கு முன்னுரிமை. இங்க ரிப்போர்ட் எடுக்கற ஜாவா பாட் கேக்கறது அரை கோர், மாசக் கடைசில தின்றது நாலு கோர்! ரெக்வெஸ்ட்ட ஏத்துனா மாசம் பூரா இடம் வீணாப் போகுது, டீம்லயும் ஒத்துக்க மாட்றாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். ஓடுற பாட்ட வேற நோடுக்கு போக வெளியேத்துற டீஷெட்யூலரும் டீஃபால்ட்டா ரெக்வெஸ்ட்டதான் பாக்குது. ஷெட்யூலர்ல சேக்கற ட்ரிமாரன் பிளகின் நெஜ மெட்ரிக்ஸ (நோடுல உண்மையா ஓடுற அளவு) பாத்து மார்க் போடும், அத புரொடக்‌ஷன்ல ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? மெட்ரிக்ஸ் வர லேட்டானா ஒரே நோடுல பாட் குவியுதா, டார்கெட் பர்சென்ட் (நோடு சிபியு எவ்ளோ வரை நிரம்பலாம்னு) எவ்ளோ வெச்சிருக்கீங்க? அடுத்த மாசக் கடைசிக்குள்ள இத சரி பண்ணணும், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.